கொட்டகை வாடையும் காட்டுக் கணக்கும்

அதிகாலையில் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கும் வாடையை உங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மழை நாளில் கூளம் ஈரமாகிவிட்டால் உள்ளே நிற்கவே முடியாது. வயலில் யூரியா தூவிய மறுநாள் கிளம்புவதும் இதே வாயுதான். வெட்டவெளி என்பதால் மூக்குக்கு எட்டுவதில்லை, அவ்வளவுதான். அதன் பெயர் அம்மோனியா. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், பறந்து போகும் வடிவம் அது.

பறந்தது எங்கே போய் இறங்குகிறது? நாம் இதை அதிகம் கேட்பதில்லை. அடுத்த மூட்டையைப் பிரித்துவிடுகிறோம். ஆனால் நெதர்லாந்தில் இந்தக் கேள்விக்கான பதிலை வைத்துத்தான் ஒரு விவசாயி எத்தனை மாடு வைத்துக்கொள்ளலாம், கொட்டகையைப் பெரிதாக்கலாமா கூடாதா என்பதெல்லாம் முடிவாகிறது. அந்தப் பதிலைத் தர வேண்டியவை காட்டுக்குள் நிற்கும் உயரமான கோபுரங்களும், மரத்தடியில் வைத்த வாளிகளும், கம்பத்தில் தொங்கும் விரல் நீளக் குழாய்களும். அவை எப்படி அளக்கின்றன, அந்த அளவை எதுவரை நம்பலாம் என்பதுதான் இந்த வாரம் நாம் பார்க்கப்போவது.

காட்டுக்கு உரம் கிடைத்தால் கெடுதலா?

தழைச்சத்து கிடைத்தால் மரம் நன்றாகத்தானே வளரும் என்று நீங்கள் கேட்கலாம். ஆரம்பத்தில் வளரத்தான் செய்கிறது. ஆனால் காடு என்பது பற்றாக்குறைக்குப் பழகிய இடம். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தாலும் அது செடிக்கு உதவாத வடிவம். மண்ணில் கிடைக்கும் கொஞ்சத்தை இலை, சருகு, மக்கு என்று சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தியே காடு வாழ்கிறது. அந்த இடத்தில் ஆண்டு முழுக்க மேலிருந்து மேலுரம் விழுந்துகொண்டே இருந்தால், பசிக்குப் பழகிய செடிகளை அமுக்கிவிட்டு, தின்னத் தெரிந்த புற்கள் மேலே வருகின்றன. நெல் வயலில் களை முந்துகிற கதைதான்.

நெதர்லாந்தில் ஊதா நிறப் பூ பூக்கும் ஹீதர் செடிகள் நிறைந்த மேய்ச்சல் வெளிகள் பல, 1980-களில் புல்வெளிகளாக மாறிப்போயின. காட்டு மண்ணில் இன்னொன்றும் நடந்தது. அம்மோனியா மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது மண் அமிலமாகிறது. தண்ணீரோடு கீழே இறங்கும் நைட்ரேட், சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. அம்மோனியம் சல்ஃபேட் உரத்தையே வருடக்கணக்கில் போட்ட நிலம் புளித்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேதியியல்தான். மண்ணில் சுண்ணாம்பு குறைந்தால் நத்தை ஓடு கட்ட முடியாது. நத்தை இல்லையென்றால் அதைத் தின்று முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேர்க்கும் சிறு பறவைகளுக்கு வழியில்லை. நெதர்லாந்துக் காடுகளில் பட்டாணிக்குருவி இனப் பறவைகள் மெல்லிய, உடையும் ஓட்டுடன் முட்டையிடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அமில மண்ணில் நத்தை குறைந்ததே காரணம் என்று 1994-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது.

எவ்வளவு இறங்கினால் கெடுதல் என்பதற்கு ஒவ்வொரு வகைக் காட்டுக்கும் ஒரு தாங்கும் எல்லை வைத்திருக்கிறார்கள். மிக மென்மையான சதுப்பு நிலங்களுக்கு அது ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 7 கிலோ நைட்ரஜன். நம் கணக்கில் சொன்னால், ஏக்கருக்கு வருடம் முழுவதற்கும் ஆறு கிலோ யூரியா. காடுகளுக்கும் ஹீதர் வெளிகளுக்கும் இதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு வரும். ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 20.7 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. நாம் ஒரே நாளில் அரை ஏக்கரில் தூவுவதை ஒரு சதுப்பு நிலம் பல வருடங்களில் வாங்கினால்கூட அதற்கு அதிகம்.

ஒரு தீர்ப்பு, பல்லாயிரம் விவசாயிகள்

நெதர்லாந்து, தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவே உள்ள நாடு. அதற்குள் சுமார் 16 லட்சம் கறவை மாடுகள், ஒரு கோடிக்கு மேல் பன்றிகள், பத்துக் கோடியை ஒட்டிய கோழிகள். இவற்றுக்கு நடுவிலேயே ஐரோப்பியச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட சுமார் 160 இயற்கைப் பகுதிகளும் இருக்கின்றன. காடும் ஹீதர் வெளியும் கலந்த வேலுவே என்ற பெரிய வனப்பகுதிக்குப் பக்கத்திலேயே கோழி, பன்றி, கன்றுப் பண்ணைகள் நெருக்கமாக உள்ள பள்ளத்தாக்கு இருக்கிறது. வாடை எங்கே போகும்?

2015-ல் அந்நாட்டு அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நைட்ரஜன் வரும் ஆண்டுகளில் குறையும், இயற்கைப் பகுதிகளைச் சீர்செய்யும் வேலையும் நடக்கும், ஆகவே அந்தக் குறைவை இப்போதே கணக்கில் எடுத்துக்கொண்டு பண்ணைகளுக்கும் சாலைகளுக்கும் அனுமதி தரலாம் என்பது அதன் அடிப்படை. வராத பணத்தை வரவில் எழுதிச் செலவு செய்வது போன்றது. 2019 மே 29 அன்று நாட்டின் மிக உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் அந்தத் திட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. சுமார் 18,000 திட்டங்கள் அப்படியே நின்றன. அக்டோபர் 1 அன்று டிராக்டர்கள் ஹேக் நகரை நோக்கி வரிசை கட்டின. நாடு முழுக்கச் சாலைகளில் 1,000 கிலோமீட்டருக்கு மேல் நெரிசல் பதிவானது. அடுத்த மார்ச்சில் நெடுஞ்சாலைகளில் பகல் நேர வேகத்தையே மணிக்கு 100 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். வாகனப் புகையிலும் நைட்ரஜன் இருக்கிறதல்லவா.

இதில் மிகவும் அடிபட்டவர்கள் சிறிய அளவில் மாடு கூட்டிய சுமார் 2,500 விவசாயிகள். உங்களுடைய கூடுதல் சிறியது, அனுமதி வேண்டாம், ஓர் அறிவிப்புக் கொடுத்தால் போதும் என்று அரசு சொன்னதை நம்பிக் கடன் வாங்கிக் கொட்டகை கட்டியவர்கள் இவர்கள். தீர்ப்பு வந்ததும் அனுமதி இல்லாதவர்களாகிவிட்டார்கள். 2022 ஜூனில் எந்தப் பகுதியில் எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும் என்று ஒரு வரைபடம் வெளியானது. சில இடங்களில் அது 95 சதவீதம். மறுபடியும் டிராக்டர்கள் தெருவுக்கு வந்தன. 2023-ல் பண்ணையை மூட விரும்புவோருக்கு இழப்பீடு தர 147 கோடி யூரோ மதிப்புள்ள திட்டங்களுக்கு ஐரோப்பிய ஆணையம் ஒப்புதல் கொடுத்தது.

போராட்டத்தில் விவசாயிகள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றே: "அளந்து சொல்கிறீர்களா, கணக்குப் போட்டுச் சொல்கிறீர்களா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் காட்டுக்குள் போக வேண்டும்.

குழாய், வாளி, கோபுரம்

முதலில் மூக்கு ஏன் போதாது என்று பார்ப்போம். கோழிக் கொட்டகையில் அம்மோனியா 25 பி.பி.எம். தாண்டினால் கோழிக்கு ஆகாது என்பார்கள். மூக்குக்கும் அந்த அளவில்தான் வாடை நன்றாகப் பிடிபடும். எடையில் சொன்னால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 17,000 மைக்ரோகிராம். ஆனால் மரப்பட்டையில் வளரும் லைக்கனுக்கு வைத்திருக்கும் எல்லை, ஆண்டுச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம். பிரியாணிக்குப் போடும் கல்பாசி இந்த லைக்கன் வகையைச் சேர்ந்ததுதான். நம் மூக்கு கண்டுபிடிப்பதற்குப் பதினேழாயிரத்தில் ஒரு பங்கிலேயே அந்த உயிரினம் பாதிக்கப்படத் தொடங்கிவிடுகிறது.

எனவே எளிமையான கருவியிலிருந்து தொடங்குகிறார்கள். விரல் நீளத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய். உள்ளே அமிலம் தோய்த்த வடிதாள். கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டால் காற்றில் உள்ள அம்மோனியா மெதுவாக உள்ளே போய் அமிலத்தில் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். மின்சாரம் வேண்டாம், நிபுணர் வேண்டாம். நெதர்லாந்தின் பொதுச் சுகாதார, சுற்றுச்சூழல் நிறுவனமான ஆர்.ஐ.வி.எம். 2005-லிருந்து இயற்கைப் பகுதிகளில் இப்படிக் குழாய்களை மாட்டி வருகிறது. வனக் காவலர்களும் தன்னார்வலர்களும்தான் மாற்றிக் கொடுக்கிறார்கள். ஆனால் குழாய் சொல்வது காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே. அதில் எவ்வளவு காட்டுக்குள் இறங்கியது என்பதை அது சொல்லாது. சந்தைக்கு எத்தனை மூட்டை வந்தது என்பது வேறு, எத்தனை விற்றது என்பது வேறு.

அடுத்தது வாளி. மழையோடு இறங்கும் நைட்ரஜனை மழைநீரைப் பிடித்து அளக்கலாம். மழை பெய்யும்போது மட்டும் மூடி திறந்து, நின்றதும் தானே மூடிக்கொள்ளும் வாளிகள் உண்டு. திறந்த வெளியில் ஒரு வாளி, மரத்தடியில் சில வாளிகள் வைத்தால் இன்னொரு விஷயம் தெரியும். மழை இல்லாத நாட்களில் இலைகளில் படிந்ததை அடுத்த மழை கழுவிக் கீழே கொண்டுவருகிறது. ஆகவே மரத்தடி நீரில் நைட்ரஜன் கூடுதலாக இருக்கும். காடு உயரமாகவும் மேடு பள்ளமாகவும் இருப்பதால் காற்றைக் கலக்கி, வடிகட்டிபோலப் பிடிக்கிறது. குட்டையான புல்வெளியைவிட அதிகம் பிடிக்கிறது. காட்டின் ஓர மரங்கள் இன்னும் அதிகம். சவுக்கு வேலிக்குப் பின்னால் நின்றால் காற்று அடங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். அடங்கும் காற்று சுமந்ததில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடும். ஆனால் வாளிக் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. இலை தனக்குள் உறிஞ்சிக்கொண்டது வாளிக்கு வராது.

உறிஞ்சியதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமானால் காட்டுக்கு மேலே, காற்றிலேயே அளக்க வேண்டும். அதற்குத்தான் கோபுரம்.

கரும்பு ஏற்றிய டிராக்டர் ஆலைக்குள் போகும்போது எடைமேடையில் ஏறுகிறது. இறக்கிவிட்டு வரும்போது மறுபடியும் ஏறுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆலைக்குள் போன கரும்பு. காட்டுக்கு மேலே காற்று நேராக ஓடுவதில்லை; சுழல் சுழலாகக் கீழே இறங்குகிறது, மேலே ஏறுகிறது. ஒவ்வொரு சுழலும் ஒரு டிராக்டர். கீழே இறங்கும் சுழலில் நைட்ரஜன் அதிகமாகவும், மேலே ஏறும் சுழலில் குறைவாகவும் இருந்தால், வித்தியாசம் காட்டுக்குள் போயிருக்கிறது. தலைகீழாக இருந்தால் காடு வெளியே விடுகிறது.

சிக்கல் என்னவென்றால் இந்த டிராக்டர்கள் மிக வேகமானவை. கோபுரத்து உச்சியில் ஒலி அலைகளை அனுப்பிக் காற்றின் போக்கை அளக்கும் கருவி, வினாடிக்குப் பத்து முறையாவது பதிவு செய்ய வேண்டும். அதே வேகத்தில் வாயுவையும் அளக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு 18,000 பதிவுகள். அவற்றிலிருந்து ஒரே ஓர் எண் வரும்: அந்த அரை மணியில் எவ்வளவு இறங்கியது அல்லது ஏறியது.

அம்மோனியா இதற்குச் சுலபத்தில் வழிவிடுவதில்லை. வெல்லப் பாகு கரண்டியில் ஒட்டுவது போல அது குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குழாயில் கொஞ்சம் ஈரம் இருந்தால் இன்னும் மோசம். இப்போது உறிஞ்சிய காற்றின் அம்மோனியா பத்து நிமிடம் கழித்துக் கருவிக்கு வந்தால் வினாடிக் கணக்கு என்ன ஆவது? ஜெர்மனியில் உருவான ஒரு கருவி இதற்கு ஒரு வழி கண்டது. 'டிராங்க்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2012-ல் வெளியானது. காற்று நுழையும் வாயிலேயே 870 டிகிரி சூட்டில் ஓர் உலோகக் குழாய். அங்கேயே அம்மோனியாவும் காற்றில் மிதக்கும் உப்புத் துகள்களும் சிதைந்துவிடும். அடுத்து 300 டிகிரி சூட்டில் ஒரு தங்கக் குழாய். இரண்டையும் தாண்டும்போது எல்லா நைட்ரஜன் சேர்மங்களும் நைட்ரிக் ஆக்சைடு என்ற, சுவரில் ஒட்டாத ஒரே வாயுவாக மாறிவிடுகின்றன. அந்த வாயு ஓசோனோடு சேரும்போது மினுங்கும். அந்த ஒளியை எண்ணிவிடலாம். செடிக்கு உதவாத 78 சதவீத நைட்ரஜனை இது தொடுவதில்லை. நைட்ரஸ் ஆக்சைடையும் தொடுவதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவதால் எது அம்மோனியா, எது வாகனப் புகை என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பது அதன் குறை. அதற்கு வேறு கருவிகளைப் பக்கத்தில் வைக்கிறார்கள்.

பவேரியக் காடு சொன்னது

ஜெர்மனியின் பவேரிய வனத் தேசியப் பூங்காவில், பெரிய பண்ணையோ தொழிற்சாலையோ அருகில் இல்லாத ஒரு கலப்புக் காட்டில், 2016-லிருந்து இரண்டரை ஆண்டுகள் இந்தக் கருவி ஓடியது. பெரும்பாலான அரை மணிகளில் நைட்ரஜன் காட்டுக்குள் இறங்கியது. சில அரை மணிகளில் மேலே ஏறியது. விடுபட்ட நேரங்களைக் கணக்கால் நிரப்பிப் பார்த்ததில், மழை இல்லாமல் காற்று வழியாக மட்டும் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 4.5 கிலோ இறங்கியிருந்தது. அதே இடத்தில் அளந்த காற்று, வெயில், ஈரப்பத விவரங்களையே ஒரு கணக்கு மாதிரிக்குக் கொடுத்தபோது அது சொன்ன விடை 6.8 கிலோ.

ஒரே காடு, ஒரே வானிலை. அளவுக்கும் கணக்குக்கும் ஒன்றரை மடங்கு வித்தியாசம். எல்லை 10 கிலோ என்று இருக்கும் இடத்தில் இந்த 2.3 கிலோ சின்ன விஷயம் இல்லை.

ஏன் இப்படி வருகிறது? காடு ஒருவழிப் பாதை அல்ல என்பதுதான் முக்கியக் காரணம். இலைத்துளைக்குள்ளும் கொஞ்சம் அம்மோனியா இருக்கிறது. வெளிக் காற்றில் அதைவிட அதிகமிருந்தால் இலை உள்ளே வாங்கும்; குறைவாக இருந்தால் வெளியே விடும். பனியில் நனைந்த இலை இரவெல்லாம் வாங்கி வைத்ததைக் காலை வெயிலில் காயும்போது திருப்பிக் கொடுத்துவிடுவதும் உண்டு. வேலுவேயில் ஸ்பெல்டர்போஸ் என்ற ஊசியிலைக் காட்டுக் கோபுரத்தில் 1990-களில் அளந்தபோதே இது தெரிந்தது. இலை ஈரமாக இருந்தால் அள்ளிக்கொண்டது. காய்ந்த பகல் நேரங்களில் காட்டிலிருந்து அம்மோனியா மேலே போனதும் பதிவானது. இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கணக்கு மாதிரிகள் ஓரளவுதான் பிடிக்கின்றன.

மண்ணும் சும்மா இருப்பதில்லை. பவேரியாவிலேயே ஹோக்ல்வால்ட் என்ற ஸ்புரூஸ் மரக் காட்டில், தானே திறந்து மூடும் பெட்டிகளைத் தரையில் வைத்து 1990-களிலிருந்து தொடர்ந்து அளந்திருக்கிறார்கள். பண்ணை அம்மோனியா நிறைய வாங்கிய காடு அது. மண் நுண்ணுயிர்கள் அந்தத் தழைச்சத்தில் ஒரு பகுதியை நைட்ரிக் ஆக்சைடாகவும், கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வெப்பம் கூட்டும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாற்றி வெளியே அனுப்பின. கடும் உறைபனி விழுந்த ஓர் ஆண்டில், பனி உருகிய சில வாரங்களிலேயே அந்த வருடத்து நைட்ரஸ் ஆக்சைடின் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. மாதம் ஒருமுறை போய் அளந்திருந்தால் அந்த வாரங்கள் கண்ணில் பட்டே இருக்காது.

அளவு திருத்திய கணக்கு

"கணக்கே பொய்" என்று நெதர்லாந்து விவசாயிகளில் சிலர் சொன்னதும் சரியல்ல. கணக்கைத் திருத்தியதே அளவுதான் என்பதற்கு அங்கேயே சான்று இருக்கிறது. 1990-களில் சாணக் கரைசலை நிலத்தின் மேலே தெளிக்கக் கூடாது, மண்ணுக்குள் செலுத்த வேண்டும், தொட்டிகளை மூட வேண்டும் என்று சட்டம் வந்தது. விவசாயிகள் செலவு செய்து கருவிகள் வாங்கினார்கள். கணக்கின்படி அம்மோனியா வெளியேற்றம் மளமளவென்று இறங்கியது. ஆனால் காற்றில் அளந்தால் அந்த அளவுக்குக் குறையவில்லை. இதை 'அம்மோனியா இடைவெளி' என்றே அழைத்தார்கள். அப்படியானால் இவ்வளவு செலவும் வீணா?

தேடிப் பார்த்ததில் காரணங்கள் தெரிந்தன. நிலத்தில் இடும்போது வெளியேறுவதைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். இன்னொன்று யாரும் எதிர்பாராதது. அதே காலத்தில் ஆலைப் புகையின் கந்தகம் வெகுவாகக் குறைந்திருந்தது. முன்பு கந்தகம் அம்மோனியாவோடு சேர்ந்து உப்பாக மாறி அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. இலைகளின் மேற்பரப்பையும் அமிலமாக வைத்து அம்மோனியாவை இழுத்துக்கொள்ளச் செய்தது. கந்தகம் போனதும் அம்மோனியா காற்றிலேயே தங்கிவிட்டது. விவசாயிகள் குறைத்தது உண்மைதான். குறைந்தது முழுவதும் காற்றில் தெரியவில்லை என்பதே விஷயம். கோபுரமும் குழாயும் இல்லாவிட்டால் பழி யார் தலையில் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போராட்டத்துக்குப் பிறகு, பேராசிரியர் லேன் ஹோர்டைக் தலைமையில் அமைந்த குழு 2020-ல் அறிக்கை கொடுத்தது. நாடு முழுவதற்குமான படத்தைக் காட்ட இந்தக் கணக்கு நன்றாகவே உதவும். ஆனால் ஒரு குறிப்பிட்ட பண்ணைக்கு அனுமதி தரும் அளவு நுணுக்கமாக, ஒரு ஹெக்டேர், இரண்டு ஹெக்டேர் என்று சொல்லும் துல்லியம் அதற்கு இல்லை. அளவிடும் இடங்களைக் கூட்டுங்கள் என்றது அந்தக் குழு. அனுமதிக் கணக்கில் அங்கே பயன்படுத்திய அடிமட்ட எல்லை எவ்வளவு தெரியுமா? ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 0.005 மோல். கிராமில் சொன்னால் 0.07. இரண்டரை ஏக்கர் காட்டில், ஒரு வருடத்துக்கு, விரல் நுனியில் ஒட்டும் சில யூரியா குருணை. உலகத்தில் எந்தக் கோபுரமும் அளக்க முடியாத அளவு அது. அந்த எல்லையை உயர்த்த வேண்டுமா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

ஆனால் "அளந்தால் போதும், கணக்கே வேண்டாம்" என்பதும் நடக்காது. கோபுரம் எவ்வளவு இறங்கியது என்று சொல்லும். யார் வீட்டு மாட்டிலிருந்து வந்தது என்று சொல்லாது. நெதர்லாந்தில் இறங்கும் நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதி உள்நாட்டு விவசாயத்திலிருந்தும், மூன்றில் ஒரு பங்கு அண்டை நாடுகளிலிருந்தும் வருகிறது. இந்தப் பிரிவினை கணக்கில்தான் கிடைக்கும். வெகுகாலம் கணக்கை மட்டும் நம்பி, அளவைக் கூட்டாமல் இருந்ததுதான் அங்கே நடந்த தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கான விலையைக் கொடுத்தவர்களில், அறிவிப்பை நம்பிய அந்த 2,500 பேர் முதல் வரிசையில் நிற்கிறார்கள்.

நம் பக்கம்

செயற்கைக்கோள் படங்களில் உலகிலேயே காற்றில் அம்மோனியா மிக அதிகமாகத் தெரியும் இடங்களில் கங்கைச் சமவெளி முன்னணியில் இருக்கிறது. யூரியாவும் கால்நடையும்தான் காரணம். நம் தெற்காசியக் காடுகள் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஐரோப்பியக் காட்டு எண்களை அப்படியே எடுத்து வைக்க முடியாது. அங்கே பனி, ஊசியிலை. இங்கே பருவமழை, அகன்ற இலை. அதனால்தான் இலங்கை மலைநாட்டின் ரிலகல வனத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். காற்று சரியான திசையில் வீசும்போது மட்டும் குழாய் வழியாக அம்மோனியாவைக் காட்டுக்குள் விட்டு, தூரத்துக்கு ஏற்ப எவ்வளவு பரவுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார்கள். ஸ்காட்லாந்துக் காடு ஒன்றிலும் இதே முறையில் சோதனை நடந்தது. இரண்டையும் சேர்த்து எழுதிய ஆய்வு 2024-ல் வந்தது.

சட்டம் வந்து மாட்டை எண்ணுவதற்கு முன்பே அம்மோனியாவைக் கொட்டகையிலும் வயலிலும் நிறுத்தினால் லாபம் நமக்குத்தான். நெல் வயலில் தேங்கிய தண்ணீரில் யூரியா தூவினால், பகல் வெயிலில் பாசி தண்ணீரைக் காரமாக்கிவிடும். மோசமான நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தழைச்சத்து காற்றோடு போய்விடும். தண்ணீரை வடித்து, சேறாக இருக்கும்போது இட்டு, மண்ணோடு கலக்கும்படி செய்து, பிறகு தண்ணீர் கட்டுவது நல்லது. யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற அளவில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடும் முறை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். இலை வண்ண அட்டையை வைத்துப் பயிர் கேட்கும்போது மட்டும் மேலுரம் கொடுத்தால் தூவும் அளவே குறையும்.

கொட்டகையில் மூத்திரமும் சாணமும் கலந்து தேங்காமல், மூத்திரம் உடனே வடிகாலில் ஓடிவிட வேண்டும். சாணத்தில் உள்ள நொதி மூத்திரத்தின் யூரியாவைத் தொட்டால்தான் அம்மோனியா வேகமாகக் கிளம்பும். எருக்குழிக்கு வெயிலும் காற்றும் படாமல் மேலே மண்ணோ ஓலையோ மூடலாம். கோழிப்பண்ணையில் கூளம் காய்ந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள். பண்ணையைச் சுற்றி, காற்று போகும் திசையில் நெருக்கமாக மரம் வைத்தால், வெளியேறும் அம்மோனியாவில் ஒரு பகுதியை அந்த இலைகளே பிடித்துக்கொள்ளும். காடு செய்வதை வேலியில் செய்ய வைப்பதுதான்.

விரிவாக்க அலுவலர்களுக்கு ஒன்று. ஆய்வகங்களுக்கான பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் கார அமிலச் சோதனைத் தாளை வடிகட்டிய நீரில் நனைத்து, கோழியின் தலை உயரத்தில் கொட்டகைக்குள் கால் நிமிடம் காட்டினால் தாளின் நிறம் மாறும். மூக்கு பழகிப்போய் வாடை தெரியாத பண்ணையாளருக்கும் நிறம் தெரியும். அதே தாளை மதியம் இரண்டு மணிக்கு நெல் வயல் தண்ணீரில் தோய்த்துப் பாருங்கள். எட்டரைக்கு மேல் காட்டினால் அன்று அந்த வயலில் யூரியா மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.